நீ திருப்பி அனுப்பிய மூட்டை

அன்பும் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. அதை எழுதித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. இப்போது எனக்கு உன் மேல் இருப்பது கோபம். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நேற்று மத்தியானம் கருமத்தம்பட்டி லாரி ஆபீசிலிருந்து ஆள் அனுப்பிச் சொன்னார்கள், பெங்களூரிலிருந்து உன் பேரில் ஒரு மூட்டை வந்திருக்கிறது என்று. அப்பா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுப் போய் அதை இடது தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் சொல்லிவிட்டாராம், அந்த வெயிலில் நடந்தே வந்திருக்கிறார். வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் சணலை அவிழ்த்தார். உள்ளே என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும். ஸ்பேனர்களைச் செருகிச் சுருட்டி வைக்க அப்பா காடாத்துணியில் தைத்துக் கொடுத்த சுருட்டு. காற்றடிக்கும் கைப்பம்பு. பின்சக்கரத்துக்கு ஒரு டியூப். டயர் கழற்றும் இரண்டு பட்டைக் கம்பி. கிளட்ச் கேபிள், ஸ்பார்க் பிளக். மழைக்கோட்டு. அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை. அப்பா மூட்டையைத் தலைகீழாக உதறியும் பார்த்தார்.

பெங்களூரில் சிநேகிதன் அறையில் ஒரு வாரம் தங்கப்போவதாகச் சொல்லத் திங்கட்கிழமை நீ எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தபோது என்ன சொன்னாய்? "அம்மா, வண்டி ரொம்ப ஆடுதும்மா. தேவையில்லாததையெல்லாம் லாரியில போட்டு உட்டுட்டேன்." நான் அந்த வீட்டு அம்மா எதிரிலேயே சந்தோஷப்பட்டேன். பையனுக்குப் புத்தி வந்துவிட்டது, இனி நாக்பூர் வேலைக்கு நல்லபடியாகப் போய்ச் சேருவான் என்று வந்து அப்பாவிடமும் சொன்னேன். உனக்குத் தேவையில்லாதது எது என்று நேற்றுத்தான் தெரிந்தது. டேப் ரிக்கார்டர் தேவை. செருப்பு டப்பா இரண்டு நிறைய கேசட் தேவை. இஸ்திரிப் பெட்டி தேவை, குக்கர் தேவை, உன் அத்தை கொடுத்த ஐந்து பாட்டில் ஊறுகாய் தேவை. நடுக்காட்டில் சக்கரம் காற்று இறங்கி நின்றால் கை கொடுக்கிற சாமான் மட்டும் தேவையில்லை. அதற்கு மேல் ஒரு லாரி வாடகையும் கொடுத்து அனுப்பியிருக்கிறாய்.

நீ கிளம்பின ஞாயிற்றுக்கிழமை காலையை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. வாசலில் நின்ற வண்டி நூறு சிசி வண்டி. அதன் மேல் ஏறியிருந்தது ஒரு குடித்தனம். சீட்டுக்குப் பின்னால் பெட்டி, அதற்கு மேல் படுக்கைச் சுருள், அதற்கு மேல் குக்கர், பக்கத்துக்கொரு பை. முதுகில் வேறு ஒரு பை. நான் கத்தினேன், நீ காதில் வாங்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும், கத்திக்கொண்டே நானும் ஒரு முறுக்கு டப்பாவை உன் முதுகுப் பைக்குள் திணித்தேன். என் வாயும் கையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை, அது என் பழைய வியாதி. அப்போதுதான் அப்பா வந்து கேரியரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "சாமி, பின்னாடி இவ்வளவு தூக்கிக் கட்டுனா முன்சக்கரம் லேசாயிரும். வளைவுல சொன்ன பேச்சுக் கேக்காது. பாதிய எறக்கிக் கட்டலாம், குடு" என்றார். நீ திரும்பி என்ன சொன்னாய்?

"நீங்க சும்மா இருங்கப்பா. நான் என்ன உங்களாட்டம் பறந்துட்டுப் போயி வுழுகறவனா?"

அத்தை சிரித்தாள். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். இந்த வீட்டில் எல்லோரும் எத்தனையோ முறை சொன்ன பேச்சு அது. அப்பா கேரியரிலிருந்து கையை எடுத்தார். உள்ளே போய் ஸ்பேனர் சுருட்டையும் பம்பையும் கொண்டுவந்து, "இதை மட்டும் மேலாக வெச்சுக்க" என்று கொடுத்துவிட்டு, நீ வண்டியை எடுக்கும்போது வெளியே வரவே இல்லை. நீயும் அவசரத்தில் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். எட்டு வருடமாகத் திறக்காத வாய் அன்றைக்கும் திறக்கவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன். இதை நின்றுகொண்டு படிக்காதே, ஓரிடத்தில் உட்கார்ந்து முழுதாகப் படி.

நீ எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய். தஞ்சாவூரில் உன் சித்தி புதுவீடு கட்டிப் பால் காய்ச்சுவதாகக் கடிதம் போட்டிருந்தாள். உனக்குப் பரீட்சை, அதனால் உன்னை அத்தை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் போவதாக ஏற்பாடு. பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் அப்பா அப்போதுதான் அந்தப் பழைய வண்டியை வாங்கி, எஞ்சினைப் பிரித்துத் தன் கையாலேயே மாட்டியிருந்தார். தறி மெக்கானிக் கை அல்லவா, எந்த இரும்பும் அவர் சொன்ன பேச்சைக் கேட்கும். "வண்டியிலயே போலாம் புள்ள. அப்படியே வேளாங்கண்ணிக்கும் போயி மாதாவக் கும்பிட்டுட்டு வரலாம்" என்றார். அவர் தனக்கென்று எடுத்து வைத்தது ஒரு வேட்டி, இரண்டு சட்டை, ஒரு துண்டு. நான் எடுத்து வைத்ததைச் சொல்லட்டுமா? பவானி ஜமக்காளம் ஒன்று, புத்தம் புதிது. எவர்சில்வர் அண்டா ஒன்று. அந்த அண்டாவுக்குள் பத்துத் தேங்காய், நிலக்கடலை, ஒரு டின் முறுக்கு. மண்ணெண்ணெய் அடுப்பு, வழியில் சமைத்துக்கொள்ள. எதற்காக இவ்வளவும் என்றால், சித்தி வாழ்க்கைப்பட்டது பேங்கில் வேலை செய்கிறவருக்கு, நான் வாழ்க்கைப்பட்டது தறி ரிப்பேர் பார்க்கிறவருக்கு. தங்கச்சி வீட்டு வாசலில் வெறுங்கையோடு போய் இறங்கிவிட்டாள் என்று அவள் மாமியார் சொல்லிவிடக் கூடாது. அவ்வளவுதான் காரணம். காடு மேட்டில் கூலி வேலை செய்து என்னை வளர்த்தவர்கள் ஒரு சின்னப் பையோடு எங்கும் போய் வந்தவர்கள். எனக்குத்தான் அது போதவில்லை.

அப்பா அண்டாவைப் பார்த்ததும், "இது வேண்டாம் புள்ள, அங்க போயி ஒண்ணு வாங்கிக் குடுத்தரலாம்" என்றார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். உடனே கயிறு எடுத்துக் கட்டிவிட்டார். அதுவாவது போகட்டும். என் பட்டுப்புடவை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வண்டியின் பக்கப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கோடு ஸ்பேனர்கள், பம்பு, டியூப். அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அத்தனையையும் எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, பெட்டியைத் துடைத்து, செய்தித்தாள் விரித்து, புடவைகளை வைத்துப் பூட்டினேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார் என்று தெரியும்.

காங்கயம் தாண்டினதும் பின்பக்கம் வண்டி நெளிய ஆரம்பித்தது. ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தார். டயரில் ஆணி ஏறியிருந்தது, காற்று பாதிக்கு மேல் போய்விட்டது. "இதென்ன பெரிய வேலை, அரை மணி நேரத்துல போட்டறலாம்" என்று சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்தார். உள்ளே என் புடவை. அவர் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

"எண்ணெய் நாத்தமா இருந்துச்சுங்க... எடுத்து ஊட்டுலயே வெச்சுப்போட்டேனுங்க" என்றேன்.

அவர் பெட்டியை மூடினார். டீக்கடைக்காரர் பெரியவர், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர், அவரே எழுந்து வந்தார். "ஏனுங் தம்பி, பஞ்சர் கடைன்னா வெள்ளகோயில் போகோணுமுங்க. இந்தச் சாமானத்தப் பூராம் இங்க எறக்கி வெச்சுப்போடுங்க. அம்மணிய பஸ் ஏத்தி உட்டுட்டு நீங்க மட்டும் வண்டிய உருட்டியாச்சும் கொண்டு போங்க. திரும்ப வந்து எடுத்துக்கலாமுங்க, நான் எங்கயும் போகமாட்டேன்" என்றார். அப்பாவும், "அதுதான் புள்ள சரி" என்றார். நான் மாட்டேன் என்றேன். முன்பின் தெரியாத கடையில் புது அண்டாவையும் புடவையையும் விட்டுவிட்டுப் போவதா? நல்ல நேரம் முடிவதற்குள் தஞ்சாவூர் போக வேண்டாமா? டீக்கடை வாசலில் நின்று அழுதேன், கண்ணு. நாலு பேர் பார்க்க அழுதேன். அப்பாவுக்கு அது தாங்காது. "சரி, மெதுவா போலாம், ஏறு" என்றார்.

மெதுவாகத்தான் போனோம். சைக்கிள்காரர் ஒருவர் எங்களைத் தாண்டிக்கொண்டு போனார், அவ்வளவு மெதுவாக. ஒரு வாய்க்கால் பாலத்தில் ஏறி வளைகிற இடத்தில், காற்றில்லாத டயர் விளிம்பை விட்டுக் கழன்றது. பின்பாரம் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் ஓரத்து மண்ணில் விழுந்தேன், முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அப்பாவின் வலது கை அண்டாவுக்கும் பாலத்துக் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. தேங்காய் ஒவ்வொன்றாக வாய்க்காலுக்குள் உருண்டு விழுந்துகொண்டிருந்தது. அவர் கத்தவில்லை. "உனக்கு ஒண்ணும் இல்லையே? எந்திரிச்சு நில்லு பாக்கலாம்" என்றார். நான் எழுந்து நின்று காட்டிய பிறகுதான் மயங்கிச் சாய்ந்தார்.

அந்த அண்டா வேறெதுவும் இல்லை, நம் குளியலறையில் இருப்பதுதான். நசுங்கின பக்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தது நான்தான். நீ எட்டு வருடமாக அதிலிருந்துதான் தண்ணீர் மொண்டு குளித்தாய்.

ஆஸ்பத்திரிக்கு எல்லோரும் வந்தார்கள். அத்தை உள்ளே நுழையும்போதே, "எப்படிடா ஆச்சு?" என்றாள். நான் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அப்பா என்னைப் பார்க்காமலே சொன்னார்: "வண்டி வாங்குன குஷி, அக்கா. கொஞ்சம் வேகமா வந்துட்டேன்." அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். நான் அப்போது சொல்லியிருக்கலாம். அன்று சாயங்காலம் சொல்லியிருக்கலாம், கட்டுப் பிரித்த அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். ஒரு பொய்யைச் சொன்னவர் அவர், அதன் நிழலில் குடியிருந்தவள் நான். முழங்கை நேராக நீளவே இல்லை. ஸ்பேனரை இறுக்கித் திருப்புகிற பலம் அந்தக் கைக்குத் திரும்பி வரவில்லை. ஊரில் எந்தத் தறி நின்றாலும் கூப்பிட்டு அனுப்பப்பட்ட ஆள், நூல் குடோனைத் திறந்து மூடுகிற வேலைக்குப் போனார். கல்யாணம், காதுகுத்து, துக்கம், எங்கே போனாலும் சொந்தக்காரர்களுக்கு அவர் ஒரு வேடிக்கை. "பறக்கறவரு வந்துட்டாருங்கோ" என்பார்கள். அவரும் கூடவே சிரிப்பார். நீ அதைக் கேட்டே வளர்ந்தாய். நீ பெரியவனாகி அதையே திருப்பிச் சொன்னபோது, உன்னை எப்படிக் குறை சொல்வேன்? ஆனாலும் உன் மேல் கோபம் வருகிறது. என் மேல் வர வேண்டியதில் பாதி உன் மேல் வருகிறது என்று வைத்துக்கொள்.

அதற்குப் பிறகுதான் நான் மொபட் ஓட்டக் கற்றுக்கொண்டேன். திருப்பூரில் நைட்டியும் உள்பாவாடையும் எடுத்து அவினாசி, சேவூர், அன்னூர் என்று ஊர் ஊராக விற்றேன். உனக்கு அது தெரியும். ஆனால் அந்தச் சின்ன வண்டி எனக்குச் சொல்லிக் கொடுத்தது உனக்குத் தெரியாது. கனமானது கால் பக்கம் தாழ்வாக, ஓட்டுகிறவர் உடம்பை ஒட்டி இருக்க வேண்டும். பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு படி அரிசி தொங்கினாலும் வண்டி நம் பேச்சைக் கேட்காது. கெட்டிப் பெட்டியை விடத் துணிப்பை நல்லது, பள்ளத்தில் இறங்கும்போது அது குலுங்கிக் கொடுக்கும். சணல் கயிறு இரண்டு மணி நேரத்தில் தளர்ந்துவிடும், பழைய டியூபைக் கிழித்த ரப்பர் நாடாதான் பிடித்து நிற்கும். வீட்டில் கட்டின முடிச்சை முதல் ஐந்து மைலிலேயே நிறுத்தி ஒரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும். அவசரத்துக்கு எடுக்க வேண்டியது எப்போதும் மேலாக இருக்க வேண்டும். மழை வந்த பிறகு மழைக்கோட்டைத் தேடி மூட்டையைப் பிரிக்கிறவர் எல்லாவற்றையும் நனைத்துக்கொள்வார். மாற்றுத்துணி இரண்டு போதும். ஒன்று உடம்பில், ஒன்று பையில், ராத்திரி துவைத்தால் காலையில் காய்ந்துவிடும். எடுத்து வைத்ததையெல்லாம் தரையில் பரப்பி, ஒவ்வொன்றையும் பார்த்து, இது இல்லாவிட்டால் நடுவழியில் நின்றுவிடுவேனா என்று கேள். நின்றுவிடுவேன் என்றால் எடு. இல்லாவிட்டால் வருத்தப்படுவேன் என்றால் வைத்துவிடு. வருத்தம் தாங்கக்கூடியது. ஹைதராபாத் தாண்டினால் அதிலாபாத் பக்கம் காட்டு ரோடு என்று லாரிக்காரர்கள் சொல்கிறார்கள். அங்கே பாட்டுக் கேட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பாய்?

நேற்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அப்பா மூட்டையைப் பிரித்தபோது அத்தையும் இருந்தாள், உன்னைப் பற்றி ஏதாவது தகவல் உண்டா என்று கேட்க வந்திருந்தாள். ஸ்பேனர் சுருட்டைப் பார்த்ததும் அவள் வழக்கம் போல ஆரம்பித்தாள். "நல்லதாப் போச்சு போ. இவன் குடுத்ததத் தூக்கிட்டுப் போனா இவனாட்டமே வுழுகோணும்னு பையன் திருப்பி அனுப்பிப்போட்டான்." அப்பா வழக்கம் போலச் சிரிக்கப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் அந்தப் பம்பை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

என்னால் முடியவில்லை. "அக்கா, அவரு வேகமா ஓட்டலீங்" என்றேன். பிறகு நிறுத்தவே இல்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளியது, புடவை, டீக்கடை, நான் அழுதது, எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன். அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அப்பாவைப் பார்த்து, "ஏன்டா, எங்கிட்டக்கூடச் சொல்லலையேடா. எத்தன பேரு முன்னாடி உன்னச் சிரிச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சாப்பிடச் சொன்னேன், சாப்பிடாமலே பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு அப்பா என் மேல் கத்தினார். ஆமாம், உன் அப்பாதான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் கத்தி நான் கேட்டதில்லை. "யாரு உன்னயச் சொல்லச் சொன்னாங்க? எட்டு வருசமா நான் காப்பாத்துனத ஒரு நிமிசத்துல ஒடைச்சுப்போட்டியே!"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "என்னயக் காப்பாத்தச் சொல்லி நான் கேட்டேனுங்களா? ஒரு தடவ திட்டியிருந்தா நான் அழுது முடிச்சிருப்பேன். ஒரு வார்த்த சொல்லலீங்களே நீங்க! மன்னிச்சுக்கங்கன்னு கேக்கக்கூட எனக்கு எடம் உடலீங்களே!"

அதற்கு அவர் சொன்ன பதிலைத்தான் நான் நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். பம்பைக் கீழே வைத்தார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "உன்னயக் காப்பாத்தல புள்ள. பெட்டியில புடவைய வெச்சது நீ. செரி. ஆனா வண்டிய ஓட்டுனது ஆரு? காத்தில்லாத டயர்ல ரெண்டு பேரு, அவ்வளவு பாரம், ஓட்டக்கூடாதுன்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் மெக்கானிக்கு. மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சுது. நாலு பேரு முன்னாடி நீ அழுதா எனக்குத் தாங்காதுன்னு சாவியத் திருகுனேன். வேகமா வந்தேன்னு சொன்னது பொய்யி. என்னோட தப்புன்னு சொன்னது பொய்யில்ல."

எட்டு வருடம் ஒரே வீட்டில், ஒரே தட்டில் பங்கு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இதைச் சுமந்திருக்கிறோம். நான் சுமந்தது அவருக்குத் தெரியாது, அவர் சுமந்தது எனக்குத் தெரியாது. இதை நினைத்தால் எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது. எத்தனை நாளை வீணடித்துவிட்டோம். நீ எங்களைப் போல இருக்காதே. வண்டியை ஓட்டுகிறவன் நீ. வேண்டாம் என்று சொல்லுகிற உரிமை ஓட்டுகிறவனுக்குத்தான் உண்டு. அத்தை ஊறுகாய் கொடுத்தால் வேண்டாம் என்று சொல். உன் சிநேகிதன் நாக்பூரில் யாருக்கோ கொடுக்கச் சொல்லி எதையாவது நீட்டினால் வேண்டாம் என்று சொல். அம்மா அழுதாலும் சொல். அழுகிறவர் கொஞ்ச நேரத்தில் மூக்கைச் சிந்திவிட்டு வேலையைப் பார்ப்பார். நாளைக்கு உனக்கு ஒருத்தி வருவாள், அவளிடமும் சொல், அவள் உன்னிடம் சொன்னால் நீயும் கேட்டுக்கொள். மாட்டேன் என்பதற்கு நீ சொல்கிற காரணம் உண்மையாக மட்டும் இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டால் நீ பெங்களூரை விட்டுக் கிளம்பிய பிறகுதான் வந்து சேரும். அதனால் இதை உன்னிடம் கொடுக்கிறவர் அப்பா. காலை பஸ்ஸுக்குக் கிளம்புகிறார். ஸ்பேனர் சுருட்டு, பம்பு, டியூப் எல்லாம் அவரிடம் இருக்கிறது. லாரியில் போடலாமே என்றேன். "திருப்பி அனுப்புனவன் மறுக்கா திருப்பி அனுப்பமாட்டான்னு என்ன நிச்சயம்? நான் கட்டிக் குடுத்துட்டு வாரேன்" என்கிறார். நான் எழுதியதை அவருக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன். டீக்கடை வாசலில் நான் அழுததை எடுத்துவிடச் சொன்னார். எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அவர் வந்ததும் மன்னிப்பு, காலில் விழுவது என்றெல்லாம் ஆரம்பித்து அவரைச் சங்கடப்படுத்தாதே. அவருக்கு அது பிடிக்காது, வந்த பஸ்ஸிலேயே திரும்பி ஏறிவிடுவார். வண்டியில் இருக்கிற அத்தனையையும் கீழே இறக்கு. எது போக வேண்டும், எது இருக்க வேண்டும் என்று அவரே சொல்லட்டும். அந்தக் கையால் கட்ட நேரமாகும். ஒரு முடிச்சுக்கு இரண்டு தடவை முயற்சி செய்வார். நீ கையை நீட்டிப் பிடுங்காதே, பக்கத்தில் நில். கேட்டால் மட்டும் ஒரு முனையைப் பிடி.

எல்லாம் கட்டி முடித்ததும் அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார். சீட்டைத் தட்டிப் பார்ப்பார். ஹேண்டில்பாரைத் தொட மாட்டார். அன்றைக்குப் பாலத்தில் விழுந்ததிலிருந்து அவர் எந்த வண்டியையும் ஓட்டியதில்லை. கை மடங்கினபடியே ஓட்டலாம், ஒன்றும் ஆகாது என்று டாக்டர் அப்போதே சொன்னார். நானும் எத்தனையோ தடவை என் மொபட் சாவியைக் கொடுத்துப் பார்த்தேன், வேண்டாம் என்று நகர்ந்துவிடுவார். இப்போது ஏன் என்று எனக்குத் தெரிகிறது.

நீ சாவியை அவர் கையில் கொடு. பாரம் சரியாக இருக்கிறதா என்று ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள் என்று சொல். வேண்டாம் என்பார். விடாதே. அவர் ஏறி உட்காருகிற வரைக்கும் பக்கத்திலேயே நில். அப்புறம் நீ பின்னால் உட்கார்ந்துகொள்.